மாடி ஏறிய குளம்

ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், எங்கள் திருநெடும்பாக்கத்துத் தாழங்குளத்தின் தண்ணீர் தன்னை அழுக்கிலிருந்து உதறிப் பிரித்துக்கொண்டு மேலே எழும்பி, குளத்தைச் சுற்றியிருக்கும் வீடுகளின் முதல் மாடி உயரத்துக்குப் போய், நாலு மூலையும் குலையாமல் அப்படியே நின்றுகொண்டது. கீழே குளம் இருந்த பள்ளத்தில் கறுப்புச் சேறும் அதன்மேல் நுரைத்துக் கிடந்த சாக்கடையும் மட்டும் மிச்சம். மேலே, இருபதடி இடைவெளி விட்டு, ஊரில் எவரும் கண்டிராத அளவுக்குத் தெளிந்த தண்ணீர் ஒரு சொட்டுக் கூடச் சிந்தாமல் நின்றது. அதற்குள் கெண்டை மீன்கள் திரிந்தன. மீன்கொத்தி ஒன்று மேலே இருந்து பாய்ந்து, அடிப்பக்கமாக வெளியே வந்து, சாக்கடையைப் பார்த்ததும் பயந்து திரும்பவும் தண்ணீருக்குள்ளேயே போனது.

முதலில் பார்த்தது பால்காரர். அவர் வீடு வீடாகப் பால் பாக்கெட்டை வைத்துவிட்டு, "குளம் மேல போயிடுச்சு, பாத்து நடங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்தது, குளத்தின் அடியில் நெளிந்துகொண்டிருந்த வெளிச்சத்தைப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு வேன் கிளம்பியது. பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்திலிருந்து இருவர் வந்து டேப் பிடித்து அளந்து, நீர்மட்டம் என்ற கட்டத்தில் 'உயர்வு' என்று எழுதிக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் தெற்கு வீதி முழுக்கப் பால்கனியிலிருந்து வாளி விட்டுத் தண்ணீர் இறைக்கத் தொடங்கியிருந்தது. இருபது வருஷமாகக் குளத்துப் பக்கத்து ஜன்னலைத் திறக்காதவர்கள் அன்றைக்குத் திறந்தார்கள். குருக்கள் கோயில் மதில்மேல் ஏறி நின்று ஒரு குடம் மொண்டு, அந்தத் தண்ணீரிலேயே தாழவனநாதருக்கு அபிஷேகம் செய்தார். ஏன் மேலே போனது என்று கேட்டவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் தண்ணீர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நிற்கும்போது அந்தக் கேள்வி ரொம்ப நாள் தாங்கவில்லை.

தாங்கியது எதிராஜ் ஒருவருக்குத்தான். எதிராஜ் பிளம்பர். கிணற்றுச் சந்தில், குளத்தின் தென்கிழக்கு மூலையை ஒட்டி, ஓட்டு வீடு. முன்பக்கம் அவர் மனைவி பவுனு கிரைண்டர் வைத்து இட்லி மாவு விற்றாள். ஒரு காலத்தில் குளத்தைச் சுற்றியிருந்த வீடுகளுக்கெல்லாம் கொல்லையில் செப்டிக் டேங்க் இருந்தது. மகனுக்கு ஒரு ரூம், மகளுக்கு ஒரு ரூம் என்று வீடு பின்னால் நீள நீள டேங்க் இருந்த இடம் கட்டிலுக்கும் பீரோவுக்கும் போனது. கழிவுக்கு எங்கே போவது என்று கேட்டபோதெல்லாம் வீட்டுக்காரர்கள் எதிராஜிடம், "அதான் குளம் பக்கத்துலயே இருக்குதே" என்றார்கள். அவரும் தெருவுக்கு அடியில் பள்ளம் பறித்து, மழைத்தண்ணீர் குளத்துக்கு வருகிற கால்வாயில் பைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மேலே மண்ணை மூடி, காலால் மிதித்துச் சமப்படுத்திவிட்டு வந்தார். இருபத்துமூன்று வருஷத்தில் அறுபத்தொரு பைப். எதையும் அவர் எழுதி வைத்ததில்லை. எந்த வீட்டுப் பைப் எந்தக் கல்லுக்கு அடியில் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்.

கார்த்திகையில் மேற்கு வீதியில் ஒரு வீட்டார் திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள். போகும்போது, பைப் கசிகிறது, நாங்கள் வருவதற்குள் சரிசெய்துவிடுங்கள் என்று எதிராஜிடம் சாவி கொடுத்திருந்தார்கள். அவர் சாக்குத் துணியைச் சுருட்டி அந்தப் பைப்பின் வாயை அடைத்தார். மறுநாள் டீக்கடைக்கு எதிரே நின்று டீ குடிக்கும்போது, கோயில் மதிலில் தண்ணீர் நின்ற ஈரக்கோடு ஒரு விரற்கடை மேலே தெரிந்தது. தண்ணீர் இறங்கியிருந்தது. சாக்குத் துணியை எடுத்தார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் பழைய கோட்டுக்கு ஏறிவிட்டது. திரும்ப அடைத்தார், இறங்கியது. திரும்ப எடுத்தார், ஏறியது. மூன்று தரம் செய்து பார்த்தபின் வீட்டுக்குப் போய்ப் பவுனிடம் சொன்னார்.

"சாக்கடை கொஞ்சம் ஏறினா குளம் பல மடங்கு மேல போகுது பவுனு. இருபதடிக்குக் கிட்ட வர மாட்டேங்குது. நம்மளப் பாத்து ஒதுங்குது."

பவுனு கிரைண்டரை நிறுத்தாமலே சொன்னாள். "ஒதுங்கட்டும். நீ போய் யார்கிட்டயும் வாயத் தொறக்காத. பைப்பு போட்டவன் நீ. மொதல்ல உன்னத்தான் புடிப்பாங்க."

ஆனால் அவர் வாயைத் திறந்தார். வார்டுக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் வசுமதி என்ற பெண். முப்பது வயதுக்காரி, தினமும் ஸ்கூட்டரில் வந்து தண்ணீர் மட்டத்தை அவளே அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எதிராஜ் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டினாள். அவர் பைப்பை அடைத்த மூன்று நாளும் தண்ணீர் இறங்கியது அவள் எழுத்தில் அதில் இருந்தது.

"பாதாளச் சாக்கடை லைன் போட்டு நாலு வருஷமாச்சு எதிராஜ். எல்லா வீதியிலயும் மேன்ஹோல் வாசலுக்கு வாசல் இருக்கு. ஒரு வீடு கூட இணைப்பு வாங்கல. ஏன்னு எனக்கு இப்பத்தான் புரியுது. வாங்க வேண்டிய அவசியமே இல்லையே அவங்களுக்கு."

"நான் லிஸ்ட் சொல்றேன் மேடம். எழுதிக்குங்க."

அலுவலகத்து மர பெஞ்சில் உட்கார்ந்து அறுபத்தொரு வீட்டையும் அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கடைசியாக, "கிணற்றுச் சந்து, ஒண்ணாம் நம்பர்" என்றார். "இது யார் வீடு?" என்று அவள் கேட்டாள். "நம்ம வீடுதான்" என்றார் எதிராஜ்.

பைப்பை எடுக்கச் சொல்லி வீடுகளுக்கு நோட்டீஸ் போனதிலிருந்து ஊரில் அவருக்கு வேலை நின்றது. இத்தனை வருஷம் குழாய் சொட்டினால் கூட எதிராஜைக் கூப்பிட்டவர்கள், அவர் வீதியில் வந்தால் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்கள். கவுன்சிலர் தனகோடி நேராக வசுமதியின் அலுவலகத்துக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்.

"குளம் அசுத்தமா இருக்குன்னு நோட்டீஸ் விட்டிருக்கீங்க. வெளிய வந்து மேல பாருங்கம்மா. அதவிடச் சுத்தமான குளம் ஜில்லாவுலயே எங்க இருக்கு?"

"அது மேல இருக்கு சார். குளம் கீழ இருக்கு."

"தண்ணி எங்க இருக்கோ அதுதான குளம்?"

இதற்கு வசுமதி சொன்ன பதில் எதுவும் கோப்பில் ஏறவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் மாடியிலிருந்து வாளி விட்டு ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு போனார்கள். முடிவு வந்தது. தண்ணீரில் குற்றமில்லை, குடிக்கவே உகந்தது. சுத்தமான கோயில் குளம் என்று ஊருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதைக் கோயில் வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். நோட்டீஸ்கள் திரும்பப் பெறப்பட்டன. வசுமதியை எண்பது கிலோமீட்டர் தள்ளி வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

கிளம்புகிற அன்று அவள் கிணற்றுச் சந்துக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அழுதிருந்தாளா என்று தெரியவில்லை, குரல் கோபமாகத்தான் இருந்தது. "என்கிட்ட இருந்தது காகிதந்தான் எதிராஜ். அதையும் புடுங்கிட்டாங்க. கடப்பாரை உங்க கையிலதான இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இதற்கிடையில் குளம் ஏறிக்கொண்டேயிருந்தது. பங்குனிக்குள் அது முதல் மாடிப் பால்கனிகளைத் தாண்டி இரண்டாம் மாடிக்குப் போனது. முதல் மாடி மட்டும் கட்டியிருந்தவர்கள் தலைக்கு மேலே தண்ணீரை அண்ணாந்து பார்த்தபடி ஒரு மாதம் பொறுத்தார்கள். பிறகு அவர்களும் ஒரு மாடி கட்டினார்கள். நாங்களும் கட்டினோம். புது மாடி என்றால் அதில் புதுக் குளியலறை உண்டு, புதுக் கழிப்பறை உண்டு, வாடகைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வரும். அத்தனையும் பழைய பைப் வழியாகவே கால்வாய்க்கும், கால்வாய் வழியாகவே குளத்துப் பள்ளத்துக்கும் போனது. பள்ளம் உயர்ந்தது. குளம் இன்னும் மேலே ஏறியது. ஏறிய குளத்தைப் பிடிக்க இன்னொரு மாடி கட்டினோம். அடுத்த ஐப்பசி வந்தபோது நாலு வீதியிலும் மூன்று மாடிக்குக் குறைந்த வீடு இல்லை. மாடி இல்லாதவர்களுக்காக ஒரு இரும்பு ஏணிப்படி வைத்திருந்தார்கள். அதற்கு மாதா மாதம் இரண்டு படி சேர்த்துப் பற்ற வைத்தார்கள்.

வெளியூர் பிளம்பர்கள் வரமாட்டேன் என்ற இடங்களுக்கு மட்டும் எதிராஜைக் கூப்பிட்டார்கள். தெற்கு வீதியில் ஹேமலதா என்ற கணக்கு டீச்சர், புருஷன் துபாயில், மூன்றாம் மாடி எழுப்பி முடித்திருந்தாள். தண்ணீர் அவள் பால்கனிக்கு இன்னும் மூன்றடி கீழே நின்றது. மொட்டைமாடித் தொட்டிக்குக் குழாய் போடப் போன எதிராஜிடம் அவள் சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்படியே கழிவு லைனையும் பெரிய பைப்பா மாத்திடுங்க. எல்லாரும் அதத்தான் பண்றாங்களாம். தண்ணி சீக்கிரம் ஏறிடுமாம்."

எதிராஜ் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்தார். "டீச்சரம்மா, நீங்க கணக்கு சொல்லிக் குடுக்கறவங்க. இது எங்க போய் முடியும்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்களேன்."

"நான் ஒருத்தி போடலன்னா மத்தவங்க போடாம இருக்கப் போறாங்களா?"

அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கொல்லையில் இருந்த தன் வீட்டுப் பைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட முதல் பைப் அதுதான். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மாவுக் கடைக்கு நேர் எதிரே, சந்து முனை மேன்ஹோலை நோக்கிப் பள்ளம் பறிக்க ஆரம்பித்தார்.

பவுனு கையெல்லாம் மாவோடு வெளியே வந்தாள்.

"ஊர்ல அறுபது பைப்பு போகுது. நம்ம ஒண்ணு நின்னா குளம் எறங்கிடுமா?"

"ஒரு நூல் அளவு எறங்கும்."

"ஒரு நூலுக்கா என் கடைய மூடணும்?"

அவர் கடப்பாரையை ஓங்கினார். எட்டு நாள் கடை மூடியிருந்தது. அன்றிலிருந்து அவள் அவரோடு பேச்சை நிறுத்தினாள். பள்ளத்தைத் தாண்டிக் கால் வைத்து மாவு வாங்க யாரும் வரவில்லை. ஒன்பதாம் நாள் அவர் பழைய பைப்பின் வாயைச் சிமென்ட் பூசி அடைத்து, புதுப் பைப்பைப் பாதாளச் சாக்கடையில் சேர்த்தார். மதிலருகே போய் நின்று, கோபுரத்தில் தெரிந்த ஈரக்கோட்டைப் பார்த்தார். ஒரு நூல் இறங்கியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே மேற்கு வீதியில் ஒரு புதுமனை புகுவிழா நடந்து முடிந்து, அந்த ஒரு நூலும், அதற்கு மேல் இரண்டு நூலும் ஏறிவிட்டது. எதிராஜ் மதிலில் தலையை முட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நானும் குனிந்துகொண்டு போனேன்.

கிணற்றுச் சந்தில் மொத்தம் ஒன்பது வீடு. எல்லாம் தரையோடு தரையான ஓட்டு வீடுகள். குளம் மேலே போகப் போக அவர்களுக்குக் கிடைத்தது நிழல் ஒன்றுதான். துணி காயவில்லை, வற்றல் காயவில்லை, சுவரெல்லாம் பாசி. இரும்பு ஏணியில் குடத்தோடு ஏறி இறங்கி ஒரு பெண்ணுக்கு இடுப்பு முறிந்தது. அதனால், எதிராஜின் பள்ளம்தான் சந்துக்கு நடுவில் வாயைப் பிளந்து கிடக்கிறதே, மூடுவதற்குள் எங்கள் பைப்பையும் இதில் சேர்த்துவிடு என்று பக்கத்து வீட்டார் வந்து கேட்டார்கள். அதற்கடுத்த வீட்டாரும் கேட்டார்கள். புண்ணியத்துக்கு என்று யாரும் வரவில்லை, நிழலின்மேல் இருந்த கோபத்தில் வந்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் ஒன்பது பைப்பும் அடைபட்டன. அந்தச் சந்திலிருந்து குளத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

ஆனாலும் குளம் இறங்கவில்லை. மற்ற மூன்று பக்கத்துச் சாக்கடையும் வந்து தென்கிழக்கு மூலையையும் மூடிக்கொண்டுதான் கிடந்தது. அப்போது எதிராஜுக்கு ஒரு வெறி வந்தது. மூலையில் பத்தடி அகலத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கிக் கரை கட்டினார். உள்ளே இருந்ததை மோட்டார் வைத்து இறைத்து மேன்ஹோலில் விட்டார். மார்கழி முழுவதும், காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை, ஒன்பது வீட்டாரும் இறங்கிச் சேற்றை வாரிப் பாண்டுச் சட்டியில் போட்டுக் கை மாற்றிக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். பவுனும் இறங்கினாள். அவளுக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் அவர் ஒருவராகச் சேற்றில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு மேலே நிற்கவும் முடியவில்லை. அவள் தலைமுடியில் அந்த நாற்றம் ஏறிவிட்டது. மாவு வாங்க வந்தவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். தெற்கு வீதி மாடிகளிலிருந்து பார்த்தவர்கள், தலைக்கு மேல் இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது இவர்கள் எதற்குக் கீழே கிடந்து குடைகிறார்கள் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

மார்கழி கடைசி நாள் காலையில் ஏழு கல்படிகள் தெரிந்தன. பவுனு தென்னந்துடைப்பத்தால் கடைசிப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே வெளிச்சம் அசைவது போலிருந்தது. நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பின் ஒரு முனையை யாரோ மெல்லக் கீழே இழுத்தது போல, அவ்வளவு பெரிய தண்ணீரின் தென்கிழக்கு மூலை மட்டும் சரிந்து, வளைந்து, இறங்கி இறங்கி வந்து, மணல் மூட்டைக் கரைக்குள்ளே, அவள் தேய்த்த படியின்மேல், சத்தமில்லாமல் அமர்ந்தது. அவள் முழங்கால் வரை நனைந்தாள். எதிராஜ் கரைமேல் நின்று வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"வாய்யா" என்றாள் பவுனு. இரண்டு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

அன்று ஒன்பது வீட்டாரும் அதில் குளித்தார்கள். மறுநாள் பொங்கல். அந்தத் தண்ணீரில்தான் சந்து முழுக்கப் பொங்கல் பொங்கியது.

சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. ஒரு மூலை கீழே இறங்கியதில் மேலே இருந்த மட்டம் சரிந்துவிட்டது. தெற்கு வீதியிலும் கிழக்கு வீதியிலும் வாளிக்கயிறு எட்டவில்லை. போன மாதம்தான் பால்கனியில் தண்ணீர் தொட்டது, இப்போது மறுபடி எட்டடி கீழே போய்விட்டது என்று ஹேமலதா டீச்சர் உட்பட இருபது பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். தனகோடி சந்துக்கு வந்தார். பவுனு நாற்காலி போட்டாள், அவர் உட்காரவில்லை.

"எதிராஜ், ஊர் மொத்தத்துக்கும் சமமா இருந்த தண்ணிய உங்க சந்துக்கு இழுத்துக்கிட்ட. இது ஞாயமா?"

"நான் இழுக்கல தலைவரே. சுத்தம் பண்ணேன், வந்துச்சு. நீங்களும் பண்ணுங்க, அங்கயும் வரும்."

"அது பெரிய திட்டம். எடுத்தமா கவுத்தமான்னு பண்ண முடியாது. மாசி மகத்துக்குத் தெப்பம் விடணும். சாய்ஞ்ச தண்ணியில எப்படி விடறது? அதுக்குள்ள மூட்டைய எடுத்துடு."

"எடுக்க மாட்டேன்."

மூட்டைகளை எடுக்கவில்லை. தெப்பத்தையும் நிறுத்தவில்லை. அந்த மூலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று குருக்களும் கோயில் ஆட்களும் பேசி முடித்தார்கள். மாசி மகத்தன்று மத்தியானம் மூன்று மணிக்கு, பீப்பாய்களின்மேல் மூங்கில் கட்டி, வாழையும் மாவிலையும் தோரணமும் வைத்த தெப்பத்தில் தாழவனநாதரும் அம்பாளும் எழுந்தருளினார்கள். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் குருக்களும் கூட ஏறினார்கள். நாலு வீதி மாடிகளிலும் ஜனம். சாமி எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனிக்கு நேரே, கைக்கு எட்டும் தூரத்தில் மிதந்து போனார். என் கையாலேயே கற்பூரத் தட்டை நீட்டினேன். முதல் சுற்று நன்றாக முடிந்தது. இரண்டாம் சுற்றில் தெப்பம் கிழக்கு வீதியைத் தாண்டும்போது, கயிறு பிடித்திருந்தவர்கள் எவ்வளவு இழுத்தும் கேளாமல், அது தெற்கே திரும்பாமல், சரிவின்மேல் ஏறி, மெல்ல வழுக்கத் தொடங்கியது. நாதஸ்வரம் நின்றது. தவில் ஒரு அடி அடித்துவிட்டு நின்றது. தெப்பம் சாயவில்லை, ஒரு பூ உதிரவில்லை. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று மாடி உயரத்திலிருந்து தண்ணீரின் சரிவிலேயே இறங்கி, கிணற்றுச் சந்து மூலையில், கல்படியில் வந்து தட்டி நின்றது.

படியில் பவுனு நின்றிருந்தாள். குருக்கள் தெப்பத்திலிருந்தபடியே, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றார்.

"எங்க சாமி தள்ளி நிக்கறது? ரெண்டு பக்கமும் சாக்கடை."

ஆரத்தி காட்டாமல் சாமியை எழுப்பக் கூடாது. அதனால் நாங்கள் எல்லோரும் மாடியிலிருந்து இறங்கி வந்தோம். சந்துக்குள் இருநூறு பேர்தான் நுழைய முடிந்தது. மிச்சமிருந்தவர்கள் குளத்தின் விளிம்பில், சேற்றுக்கும் சுவருக்கும் நடுவே, வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றரை வருஷமாக நாங்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த சாக்கடை எங்கள் கால் விரலுக்கு அரையடி முன்னால் கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தோம். குருக்களுக்கு ஒரு கையில் மணி, ஒரு கையில் தட்டு. அவரால் பொத்த முடியவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கற்பூரம் எரிந்தது. சாமியைக் கும்பிட இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒருவர் பின் ஒருவராக மூக்கிலிருந்து கையை எடுத்துத் தலைக்குமேல் குவித்தோம். எடுத்த பிறகு மூச்சு விடாமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? என் பக்கத்தில் நின்ற ஹேமலதா டீச்சர் கும்பிட்ட கையை இறக்காமலே குனிந்து வாந்தி எடுத்தாள்.

ஆரத்தி முடிந்து சாமியைத் தோளில் ஏற்றிச் சந்து வழியாகவே கோயிலுக்குக் கொண்டு போனார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் குளித்தோம். இனிமேல் ஊர் மாறிவிடும் என்று எதிராஜ் அன்றைக்கு நம்பினார். பவுனிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலையில் தனகோடியின் ஆட்கள் மண் வாரும் வண்டியோடு வந்தார்கள். அடுத்த வருஷமும் சாமிக்கு இப்படி ஒரு ஆபத்து வரக்கூடாது என்று எழுதிய தாளைக் காட்டினார்கள். வண்டி ஒரே மூச்சில் மணல் மூட்டைகளை அள்ளியது. சாக்கடை உள்ளே பாய்ந்தது. அது முதல் படியைத் தொடுவதற்கு முன்பே, தண்ணீர் தன் மூலையைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. எதிராஜ் வண்டிக்கு முன்னால் படுக்கப் போனார். பவுனுதான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பிறகு நான்கு நாள் அவர் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பவுனு வைத்த சோற்றைத் தின்றார், கையைக் கழுவினார், உட்கார்ந்தார்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஹேமலதா டீச்சர் சந்துக்கு வந்தாள்.

"எங்க வீட்டுப் பைப்பை நீங்கதான போட்டீங்க?"

"ஆமா."

"எடுத்துடுங்க. மேன்ஹோல்ல சேத்துடுங்க."

எதிராஜ் நிமிரவில்லை. "மனு குடுத்தது நீங்கதான டீச்சரம்மா? இப்ப நான் எடுப்பேன். நாளைக்கு கயிறு எட்டல, தண்ணி எட்டலன்னு வேற ஆள வெச்சுத் திரும்ப மாட்டுவீங்க. நோட்டீஸ் வந்தப்ப மேற்கு வீதில ரெண்டு வீட்ல அப்படித்தான் ஆச்சு. எனக்கு இனிமே தெம்பில்ல."

"திரும்ப மாட்ட முடியாத மாதிரி உடைங்க."

"எதுக்குத் திடீர்னு?"

"அன்னைக்கு என் முன்னால மிதந்தது எங்க வீட்டுதுதான். என் பையனோட கிழிஞ்ச சாக்ஸ் அதுல கெடந்துச்சு. அடையாளம் தெரிஞ்சுது எனக்கு." பிறகு கோபத்தோடு கேட்டாள். "வர்றீங்களா, நானே போய் உடைக்கட்டுமா?"

எதிராஜ் எழுந்து கடப்பாரையையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டார். தெற்கு வீதியில், அவள் வீட்டுக் கொல்லையில், சிமென்ட் தளத்தை உடைத்துப் பள்ளம் பறித்து, பைப் கால்வாய்க்குப் போகும் மூட்டு வெளியே தெரியவே ஒரு மணி நேரம் ஆனது. அடிக்க ஆரம்பித்தார். மூட்டு அசையவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே சிமென்ட் குழைத்து, சணல் சுற்றி, எந்தக் காலத்திலும் விடக் கூடாது என்று பூசியது. அடித்தார், அடித்தார், கை கொப்பளித்தது. "எந்த மடையன் இப்படிப் பூசினான்!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஹேமலதா புடவையைச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிக் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதன் தலையில் அடித்தார். பக்கத்து மாடிகளிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பன்னிரண்டு மணிக்கு மேல் மூட்டு விரிந்தது.

அன்று சாயங்காலம் புதுப் பைப்பைச் சேர்த்து முடித்துவிட்டு எதிராஜ் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, அடுத்த வீட்டு பார்த்திபன் பனியனோடு ஓடி வந்தார். போன மாதம்தான் மூன்றாம் மாடிக்குப் பால்கனி கட்டியவர்.

"யாரக் கேட்டு எறக்கினீங்க? என் பால்கனியில கை தொடற தண்ணி, இப்ப ரெண்டு நூல் கீழ போயிடுச்சு! யாரக் கேட்டுய்யா எறக்கின?"

எதிராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். ஹேமலதா கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். இருவரும் பார்த்திபனைத் தாண்டி, திறந்து கிடந்த அவர் வீட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கொல்லைப்புறத்துக்கு நடந்தார்கள். பார்த்திபன் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

எதிராஜ் கொல்லையில் ஒரு கல்லை மிதித்து நின்று, "இங்கதான்" என்றார்.